மருந்து உறையில் என்ன எழுதியிருக்கிறது?

(கந்தப்பளையில் தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள், பிள்ளை மடுவப் பொறுப்பாளர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



"சங்கக் கூட்டம் என்றால் சம்பளம் பேசுவீங்க, நிறுவை பேசுவீங்க. இன்னைக்கு மாத்திரையைப் பத்திப் பேசப் போறீங்களாமே?" என்று வாசலில் ஒரு தலைவர் எங்களைக் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இன்றைக்குப் போனதும் சாமி படத்துக்குப் பக்கத்துத் தட்டில் எத்தனை மருந்து உறை கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அப்பாவின் பிரஷர் மாத்திரை, அம்மாயியின் சீனி மாத்திரை, கர்ப்பமாக இருக்கும் மகளின் இரும்புச்சத்து மாத்திரை, சின்னவனின் சளிப் பாணி. போன மாதத்து மிச்சம், அதற்கு முந்திய மாதத்து மிச்சம். ஒரு சின்ன டிஸ்பென்சரியே அங்கே இருக்கும்.

ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுக்கும் மிஸி மூன்று வருடம் படித்துவிட்டு வந்தவர். லயத்தில் அதே வேலையைச் செய்பவர் யார்? பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் மாமியாரின் கையில் மாத்திரையை வைக்கும் மருமகள். பேரனுக்குப் பாணி ஊற்றும் அம்மாயி. உறையில் உள்ளதை எழுத்துக்கூட்டி வாசிக்கும் தரம் ஐந்துப் பிள்ளை. இவர்களுக்கு யாரும் ஒரு நாள் கூடப் படிப்பித்ததில்லை. பாடசாலையில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற நாங்கள், இன்றைக்குப் பெரியவர்களான உங்களுக்கு அந்தப் பாடத்தைக் கொஞ்சம் சொல்ல வந்திருக்கிறோம்.

தாதியர் படிப்பில் முதலில் மனதில் பதிய வைப்பது ஐந்து விஷயம். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். கைவிரல் ஐந்து மாதிரி. நல்ல தாதி மருந்தை எடுக்கும்போது ஒரு தரம், அளந்து ஊற்றும்போது ஒரு தரம், போத்தலைத் திருப்பி வைக்கும்போது ஒரு தரம் அதன் பெயரை வாசிப்பார். இருபது வருடம் வேலை செய்தவரும் அப்படித்தான் செய்ய வேண்டும். பழகின கைதான் கண்ணை ஏமாற்றும்.

சரியான ஆள் என்பது இலகு போலத் தெரியும். ஆனால் கிளினிக்கில் "லெட்சுமி" என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழும்புகிறார்கள். கூப்பிடுகிறவர் சிங்களம் பேசுகிறவராக இருந்தால் நம் பெயர் நமக்கே விளங்காத மாதிரி வந்து விழும். பெயரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டு உறையை வாங்காமல், கிளினிக் புத்தகத்தை நீட்டி இலக்கத்தைக் காட்டுங்கள். வீட்டில் இன்னொரு பழக்கம் இருக்கிறது. "எனக்கு இந்த மாத்திரை நல்லாக் கேட்டிச்சு, நீயும் ரெண்டு போட்டுப் பாரு" என்று பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுப்பது. சீனி, வெங்காயம் கைமாற்றுக் கொடுப்பது நம் லயத்துக்கு அழகு. மாத்திரையை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒருவருக்கு இறங்க வேண்டிய பிரஷர் இன்னொருவருக்கு இறங்கினால் அவர் மலையில் மயங்கி விழுவார்.

சரியான வழி பற்றி ஒரே ஒரு சங்கதி. இந்தக் குளிருக்கும் அடுப்புப் புகைக்கும் நம்மில் இழுப்பு வியாதிக்காரர் நிறைய. உறிஞ்சும் கருவியில் போட்டு இழுப்பதற்குக் கொடுத்த கெப்சூலைத் தண்ணீரோடு விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு எல்லாம் ஒரே கெப்சூல்தானே. விழுங்கினால் அந்த மருந்து நெஞ்சுக்குப் போய்ச் சேராது, இழுப்பும் நிற்காது. கருவி கையில் கிடைத்த அன்றைக்கே மிஸியின் முன்னால் ஒரு தரம் இழுத்துக் காட்டுங்கள்.

இனி, சரியான மருந்து. இதில் நாங்கள் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

ஒரு பெரியம்மா காய்ச்சலுக்குக் கடையில் பனடோல் வாங்கிப் போட்டார். டிஸ்பென்சரியிலும் போய் மருந்து வாங்கினார். உறையில் பரசிட்டமோல் என்று எழுதியிருந்தது. "இது கடை மாத்திரை, அது டொக்டரையா தந்தது" என்று இரண்டையும் போட்டார். இரண்டும் ஒன்றுதான், அம்மா. பரசிட்டமோல் என்பது மருந்தின் பெயர். பனடோல் என்பது ஒரு கம்பனி அதற்கு வைத்த பெயர். 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் வளர்ந்தவர் ஒருவர் ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போடக் கூடாது. ஐம்பது கிலோவுக்குக் குறைந்த மெலிந்த உடம்புக்கு அந்த எட்டும் அதிகம். நம் பெரியம்மாமார் எத்தனை பேர் ஐம்பது கிலோ இருக்கிறார்கள்? அளவு மீறினால் ஈரல் கெடும். கெடுவது இரண்டு மூன்று நாளைக்கு வெளியே தெரியாது.

இந்தப் பெயர்க் குழப்பத்தோடு மல்லுக்கட்டிய ஒரு மனிதர் இந்த நாட்டில் இருந்தார். பேராசிரியர் சேனக பிபிலே. மருந்தியல் படிப்பித்தவர். ஒரே மருந்தைப் பல பெயரில், பல விலையில் விற்று ஏழைகளின் மடியை அவிழ்க்கிறார்கள் என்று அவர் சொன்னார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவர் அவர்தான். நாம் டவுனில் காணும் ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்துடையவை. நாட்டுக்குத் தேவையான மருந்துகளை மட்டும், மருந்தின் உண்மைப் பெயரில், மொத்தமாக விலை பேசி வாங்குவதுதான் அவர் கொள்கை. அவர் 1977இல் கயானாவில் காலமானார். உலக சுகாதார நிறுவனம் தன் முதலாவது அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டதும் அதே 1977இல்தான். தொழிற்சங்கக்காரர்கள் மறக்கக் கூடாத பெயர் அது. மே தின மேடைகளில் நாங்கள் அவர் பெயரைச் சொல்லிக் கேட்பது அரிது.

ஆகவே மாத்திரையின் நிறத்தையும் கம்பனிப் பெயரையும் நம்பாதீர்கள். 2022இல் நாடு வங்குரோத்தானபோது மருந்துத் தட்டுப்பாடு வந்தது நினைவிருக்கும். கிடைத்த இடத்தில் கிடைத்ததை வாங்கினார்கள். போன மாதம் வெள்ளையாக இருந்தது இந்த மாதம் மஞ்சளாக வந்தது. "இது என் மாத்திரை இல்லை" என்று சிலர் போடாமல் விட்டார்கள். சிலர் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டார்கள். நிறம் மாறினால் செய்ய வேண்டியது ஒன்றுதான். "இது அதே மருந்துதானா?" என்று கேட்க வேண்டும்.

நாம் எல்லாம் சரியாகச் செய்தும் போத்தலே பிழையாக இருந்தால்? அதுவும் நம் மாவட்டத்தில் நடந்தது. 2023இல் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குப் பிறகு விடும் ப்ரெட்னிசொலோன் சொட்டு மருந்து, இந்தியாவிலிருந்து இறக்கியது, கிருமி கலந்திருந்தது. நுவரெலியாவிலும் கொழும்பிலும் நோயாளிகளுக்குக் கண்ணில் தொற்று வந்தது. பார்வை தெளியும் என்று போனவர்களில் சிலர் இருந்த பார்வையையும் இழந்தார்கள். பிறகுதான் அந்த மருந்தைப் பாவனையில் இருந்து நீக்கினார்கள். மருந்தின் தரத்தைப் பார்க்க 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேசிய ஔடத ஒழுங்குபடுத்தல் அதிகார சபை என்று ஒன்று இருந்தும் இது நடந்தது. அடுத்த வருடம், தரமற்ற இம்யூனோகுளோபுலின் மருந்துக் கொள்வனவு வழக்கில், சுகாதார அமைச்சராக இருந்தவரே கைதானார். இதெல்லாம் பெரிய இடத்துப் பிழை. அதற்குப் பெரிய இடத்தில்தான் போராட வேண்டும். ஆனால் நம் கையில் ஒரு வேலை இருக்கிறது. மருந்து போட்டதும் புதிதாகச் சொறி, வீக்கம், மூச்சுத் திணறல், கண் சிவப்பு என்று ஏதாவது வந்தால் போத்தலை எறிந்துவிடாதீர்கள். அதில் தொகுதி இலக்கம் இருக்கும். அதையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

சரியான அளவு பற்றிப் பிள்ளை மடுவச் சகோதரிகளுக்குச் சொல்ல வேண்டும். பாணி மருந்தில் "ஒரு கரண்டி" என்றால் எந்தக் கரண்டி? தேக்கரண்டி 5 மில்லிலீற்றர். மேசைக்கரண்டி 15. மூன்று மடங்கு. வீட்டுக் கரண்டியோ அந்த இரண்டிலும் சேராது. போத்தலோடு வரும் மூடியை அல்லது ஊசியில்லாத சிரிஞ்சைக் கழுவிப் பத்திரமாக வையுங்கள். பிள்ளைக்குப் பரசிட்டமோல் வயதைப் பார்த்து அல்ல, நிறையைப் பார்த்துக் கொடுப்பது. ஆகவே பிள்ளையின் நிறை எழுதிய சுகாதார அட்டையைக் கிளினிக்குக்குக் கொண்டு போக வேண்டும். இன்னொன்று. காலையில் மடுவத்தில் விடும்போது அம்மா ஒரு தரம் கொடுத்திருப்பார். அது தெரியாமல் மடுவத்தில் ஒரு தரம். பின்னேரம் அம்மாயி ஒரு தரம். மூவரும் பாசத்தில்தான் கொடுக்கிறார்கள். ஒரு துண்டுக் கடதாசியில் "காலை 6.30க்குக் கொடுத்தேன்" என்று எழுதிப் போத்தலில் ரப்பர் வளையம் போட்டு அனுப்பினால் போதும்.

கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் நம் பையன்கள் தீபாவளிக்குக் காய்ச்சலோடு வந்து இறங்குவார்கள். நமக்கு இங்கே டெங்கு பழக்கமில்லாததால் உடம்பு உளைவுக்கு என்று அஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபெனாக் வாங்கிக் கொடுப்போம். டெங்குவாக இருந்தால் அவை இரத்தக் கசிவைக் கூட்டும். கொழும்பிலிருந்து வந்த காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் கொடுத்து, இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

ஐந்தாவது, சரியான நேரம். எங்கள் எண்ணத்தில் தோட்டத்து ஆட்களுக்கு இதுதான் மிகக் கஷ்டமானது. ஏனென்றால் நம் நேரம் நம் கையில் இல்லை.

டொக்டர் எழுதுகிறார், "காலைச் சாப்பாட்டோடு." எந்தச் சாப்பாடு? காலை ஆறு மணிக்கு ஒரு வெறுந் தேத்தண்ணி. ஏழரைக்குப் பெரட்டு. ரொட்டியைக் கடித்துப் பார்ப்பது பத்து மணிக்குப் பிறகு. சீனி வியாதிக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளும் இன்சுலினும், சாப்பாடு போகாத வயிற்றில் சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடும். மலையில் ஏறும்போது கை நடுக்கம், குளிரிலும் வியர்வை, கண் இருட்டு, பேச்சுக் குழறல். பார்க்கிறவர்கள் "காலையிலேயே போட்டுக்கிட்டு வந்திட்டார்" என்று சொல்லிவிடுவார்கள். சீனி இறங்கியவரையும் குடித்தவரையும் ஒன்றாகப் பார்த்து விட்டுவிட்டுப் போவதைப் போல ஆபத்து வேறில்லை. நினைவு இருந்தால் மூன்று நான்கு கரண்டி சீனி கரைத்த தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 1990க்கு அடியுங்கள். சீனி வியாதிக்காரர் மடியில் நாலு டொபியோடு மலைக்குப் போக வேண்டும். தன் கங்காணியிடமும் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவரிடமும் தன் வியாதியைச் சொல்லி வைக்க வேண்டும். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

இன்சுலின் வைத்திருப்பவர்களுக்கு நம் ஊர்க் குளிர் ஒரு உதவி. பாவிக்கத் தொடங்கிய குப்பியைக் குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே நான்கு வாரத்துக்கு வைக்கலாம். ஆனால் அதை வைக்கிற இடம் எது? அடுப்புக்கு மேல் தட்டு! குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று மனிதருக்குப் பார்க்கிற மாதிரியே மருந்துக்கும் பார்க்கிறோம். அடுப்படியில் இருந்து எடுத்து முன் காம்பராவில், வெயில் படாமல் வையுங்கள்.

அடுத்து, பிரஷருக்கும் கால் வீக்கத்துக்கும் கொடுக்கிற நீர் இறங்கும் மாத்திரை. காலையில் போடச் சொல்வார்கள். போட்டால் சில மணி நேரத்துக்கு அடிக்கடி சிறுநீர் போக வேண்டும். மலையில் எங்கே போவது? எங்கள் அக்காமார் சொன்ன பதிலை அப்படியே சொல்கிறோம்: "ஆம்பிளைக் கங்காணி நிக்கிற மலையில நாங்க எங்க ஒதுங்கிறது? அதனால வேலை நாள்ல அந்த மாத்திரையப் போடுறதில்ல." ஆக, வாரத்தில் ஆறு நாள் அந்த மருந்து வயிற்றுக்குப் போவதில்லை. கிளினிக்கில் பிரஷர் இறங்கவில்லை என்று பார்த்து டொக்டர் அளவைக் கூட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டிய அளவைப் போட்டுக்கொண்டு தலை சுற்றிப் படுக்கிறார்கள். இதில் யாருடைய கவனக்குறைவைச் சொல்வது? மலையில் ஒரு மலசலகூடம் இல்லாதது மருந்துப் பிழையாக வந்து முடிகிறது. இதனால்தான் இது சங்கத்துப் பேச்சு என்கிறோம். அதுவரைக்கும் அக்காமாரே, டொக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "நான் காலையில் போடுறதில்லை, வேலையால் வந்து போடலாமா?" என்று கேளுங்கள். நேரத்தை மாற்றித் தர அவரால் முடியும். சொல்லாமல் விட்டால் அவர் அளவைத்தான் மாற்றுவார்.

தேத்தண்ணியைப் பற்றியும் ஒன்று. கர்ப்பிணிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார்கள். இரத்தம் குறைந்தவர்கள் நம்மில் அதிகம். அந்த மாத்திரையை எதோடு விழுங்குகிறோம்? சாயம் கூடிய தேத்தண்ணியோடு. தேயிலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. நம் கையால் பறித்ததே நம் இரத்தத்தை ஊற விடாமல் தடுக்கிறது. மாத்திரையைத் தண்ணீரோடு போடுங்கள், தேசிக்காய்ச் சாறு கலந்தால் இன்னும் நல்லது. தேத்தண்ணிக்கு ஒன்றிரண்டு மணி நேரம் பொறுங்கள். கல்சியம் மாத்திரையையும் அதே நேரத்தில் சேர்க்காமல் வேறு வேளைக்கு வையுங்கள்.

நேரப் பிழையில் உயிரை எடுப்பது ஒன்று உண்டு. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட். அது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுகிற மருந்து. மற்ற மாத்திரையைப் போலத் தினமும் போட்டு இறந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அந்த உறையில் "செவ்வாய்க்கிழமை மட்டும்" என்று கிழமையை எழுதி வாங்காமல் வீட்டுக்கு வராதீர்கள்.

எழுதி வாங்குவது என்றோம். எந்த மொழியில்? நம் உறைகளில் இருப்பது "பி.டி.", "டி.டி.எஸ்.", "நொக்டே". பி.டி. என்றால் நாளுக்கு இரண்டு வேளை, டி.டி.எஸ். மூன்று வேளை, நொக்டே இரவில். இலத்தீன் மொழியில் இருந்து வந்த சுருக்கங்கள். அது இல்லையென்றால் சிங்களத்தில் "உதே, தவல், ரே". நம் ஆட்கள் சிங்களம் நன்றாகப் பேசுவார்கள், வாசிக்கத் தெரிந்தவர் குறைவு. ஐந்து சரிகளில் நான்கை அந்த உறை தாங்கியிருக்கிறது. அதை வாசிக்க முடியாதவருக்கு ஐந்து விரலில் நான்கு இல்லை.

கேட்கத் தயங்குவதற்கு நம் சரித்திரத்தில் காரணம் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்தில் பல தோட்டங்களில் துரையே வைத்தியர். வரிசையில் நிறுத்திக் கொயினா ஊற்றினால் வாயைத் திறக்க வேண்டும், கேள்விக்காகத் திறக்கக் கூடாது. நோயாளித் தொழிலாளியைப் பார்க்கும் கடமையைத் தோட்டத்துக்கு விதித்த மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் 1872இல் வந்தது. மருந்து கிடைத்தது, விளக்கம் கிடைக்கவில்லை. அந்தப் பயம் இன்னும் நம் முதுகில் கூடையோடு சேர்ந்து இருக்கிறது. ஆனால் 1987இல் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. அரச வைத்தியசாலையில் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. நடக்காவிட்டால் 1991ஆம் ஆண்டுச் சட்டத்தில் அமைந்த அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். எழுதித் தருவது எங்கள் வேலை.

ஒன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். மருந்து கட்டும் யன்னலில் நிற்பவர் நமக்கு எதிரி இல்லை. ஒரு காலையில் நூற்றுக்கணக்கான உறை எழுதுகிறவர் அவர். சண்டைக்குப் போகாமல், "ஐயா, இதை எப்ப போடணும், எத்தனை போடணும், நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்று சொல்லிப் பாருங்கள். திருப்பிச் சொல்வது அவருக்கும் பாதுகாப்பு. உலக சுகாதார நிறுவனம் 2017இல் மருந்துப் பிழைகளைக் குறைக்க ஓர் இயக்கமே தொடங்கியது. அந்தப் பிழைகளால் உலகத்துக்கு வருடம் 42 பில்லியன் டொலர் நட்டம் என்று அது கணக்குச் சொல்கிறது. பணக்கார நாட்டு ஆஸ்பத்திரியிலும் பிழை நடக்கிறது என்றால் தொங்கல் காம்பராவில் நடக்காதா?

சங்கத்தின் சார்பில் மூன்று காரியத்தை எழுதிக் கேட்கப் போகிறோம். மருந்து உறைகளில் காலை, பகல், இரவு என்று தமிழிலும் அச்சடித்து, அரைச் சூரியன், முழுச் சூரியன், நிலா படம் போட வேண்டும். மாதாந்தக் கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது. அரைப் பேருக்குப் பயந்துதான் பலர் கிளினிக்கைத் தவறவிட்டுப் பழைய மாத்திரையைப் பாதி பாதியாகப் போட்டு நாளைக் கடத்துகிறார்கள். மூன்றாவது, ஒவ்வொரு மலைக்கும் பெண்களுக்கு மலசலகூடம். இந்த மூன்றாவதைக் கேட்டதும் "இதுக்கும் மருந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நிர்வாகத்தில் கேட்பார்கள். இங்கே இருக்கிற அக்காமார் இரண்டு பேர் எங்களோடு பேச்சுவார்த்தைக்கு வர வேண்டும். அந்தப் பதிலை நீங்களே சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாடசாலை மண்டபத்தில் உயர்தரப் பிள்ளைகள் பேனையோடு உட்கார்ந்திருப்பார்கள். தோட்டத்து மருத்துவிச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கிளினிக் புத்தகத்தையும் வீட்டில் உள்ள எல்லா உறைகளையும் கொண்டு வாருங்கள். புத்தகத்தோடு ஒத்துப் பார்த்து ஒவ்வொன்றிலும் தமிழில் எழுதித் தருவோம். விளங்காத உறையை நாங்கள் ஊகித்து எழுத மாட்டோம், அதைத் தனியாக எடுத்து வைத்துக் கிளினிக்கில் கேட்டு வந்துதான் எழுதுவோம். பழைய மிச்சங்களையும் போத்தல்களையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். குப்பையிலும் ஆற்றிலும் கொட்ட வேண்டாம், அதை ஆஸ்பத்திரியில் ஒப்படைப்பது எங்கள் பொறுப்பு. நடக்க முடியாத பெரியவர்கள் எந்த லயத்தில் இருக்கிறார்கள் என்று தலைவர்கள் இன்றைக்கே எங்களிடம் பெயரைத் தந்துவிட்டுப் போங்கள்.